வாசித்தும் சமைத்தும்: வாசகர் கேள்விகள்

புதிதாக வரும் கவிதை, கதை, சமையல் நூல்கள் குறித்து இந்த மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கே இங்கே இடம் இருக்கிறது. மற்றவற்றுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.

கேள்வி: கவிதைத் தொகுப்பு, நாவல், சமையல் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பகுதியில் பேசுகிறீர்கள். சமையல் குறிப்பைக் கவிதைக்குப் பக்கத்தில் வைப்பது கவிதையைச் சிறுமைப்படுத்துவது ஆகாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஆகாது ஐயா. இங்கிலாந்தில் எலைசா ஆக்டன் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1826-இல் தம் கவிதைகளை நூலாக வெளியிட்டார். பிறகு ஏறத்தாழப் பத்தாண்டுகள் அடுப்பருகே உழைத்து, 1845-இல் ஒரு சமையல் நூலைக் கொண்டுவந்தார். அதற்கு முன் வந்த நூல்களில் பெரும்பாலும் அளவும் இருக்காது, நேரமும் இருக்காது. ‘தேவையான அளவு’, ‘வேகும் வரை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆக்டன்தான் ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் என்ன பொருள், எவ்வளவு, எத்தனை நிமிடம் என்று தனியே எடுத்து எழுதினார். ஒரு சொல் கூடினாலும் ஓசை கெடும் என்று கவிதையில் பழகிய கை அது. சமையல் குறிப்பிலும் அந்தக் கை ஒரு சொல்லைக்கூட வீணாக விடவில்லை.

இன்னும் பின்னால் போனால், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கிரேக்கக் கவிஞர் ஆர்கெஸ்ட்ராட்டஸ், எந்த மீனை எந்தத் துறைமுகத்தில் வாங்க வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் என்பதைக் காவியங்களுக்கு உரிய யாப்பிலேயே பாடியிருக்கிறார். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை. பின்னால் வந்த இன்னொருவர் தம் நூலில் எடுத்தாண்ட துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. நல்ல மீனை வாங்கினால் அதன்மேல் எதையும் அள்ளிக் கொட்டாதே என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. கவிதை எழுதுகிறவர்களுக்கும் இதைத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது?

கேள்வி: படங்களைப் பார்த்து மயங்கி மூன்று புதிய சமையல் நூல்கள் வாங்கினேன். எதிலும் எழுதியபடி வரவில்லை. வாங்குவதற்கு முன்பே நல்ல நூலை அடையாளம் காண வழி உண்டா?
— புதிதாகத் திருமணமான வாசகி

பதில்: உண்டு அம்மா. முதலில் வெங்காயம் வரும் குறிப்பு எதையாவது தேடுங்கள். எந்த ஊர்ச் சமையலாக இருந்தாலும் வெங்காயம் இல்லாமல் ஒரு புத்தகம் முடியாது. ‘ஐந்து நிமிடம் வதக்கினால் வெங்காயம் நன்கு பழுப்பேறும்’ என்று இருந்தால் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் வெங்காயம் கண்ணாடிபோல் ஆகும், அவ்வளவுதான். மிதமான தீயில் ஆழ்ந்த பழுப்பும் இனிப்பும் ஏற அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடம் என்று எழுதியவர் அந்த வாணலிக்கு அருகில் நின்று பார்த்ததில்லை. இந்த ஒரு வரியில் பொய் இருந்தால் அடுத்த இருநூறு பக்கத்தையும் எப்படி நம்புவது?

அடுத்து, தவறினால் என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். ‘மாவு கையில் ஒட்டினால் பயப்படாமல் பத்து நிமிடம் மூடி வையுங்கள்’ என்று ஒருவர் எழுதினால், அவர் கையில் அது ஒட்டியிருக்கிறது என்று பொருள். தோற்றுப்போய், திரும்பவும் செய்து பார்த்தவரால் மட்டுமே எழுத முடிகிற வரி அது.

மூன்றாவது, கட்டுமானம். புத்தகத்தை நடுவில் விரித்து மேசைமேல் வையுங்கள். கையை எடுத்ததும் தானாக மூடிக்கொண்டால் அது வெறும் பசையால் ஒட்டியது. இரண்டு கையிலும் மாவோடு நிற்கும்போது அதை எப்படிப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள்? நூலால் தைத்த புத்தகம் பெரும்பாலும் விரித்தபடியே கிடக்கும். முதுகின் உள்பக்கம் பார்த்தால் தையல் தெரியும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகள் பிழைதிருத்துநராக வேலை செய்தவள் நான். ஒரு முறை, பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், ஒரு சமையல் நூலின் புரூஃப் என் மேசைக்கு வந்தது. அளவுகளையெல்லாம் சுருக்கி ‘தே.க.’, ‘மே.க.’ என்று அச்சிட்டிருந்தார்கள். தேக்கரண்டிக்கு ஒன்று, மேசைக்கரண்டிக்கு மற்றொன்று. உப்பு 2 தே.க. என்று இருக்க வேண்டிய இடத்தில் 2 மே.க. என்று இருந்தது. எழுத்துப் பிழை என்று பார்த்தால் அதில் பிழையே இல்லை. இரண்டும் சரியான சொற்கள். என் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு மேசைக்கரண்டி என்பது மூன்று தேக்கரண்டி. உப்பு மூன்று மடங்காகப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

சில மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கோபமே இல்லாத அட்டை. ‘மகனுக்குப் பெண் வீட்டார் வந்திருந்தார்கள். புத்தகத்தில் உள்ளபடியே செய்தேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். நான்தான் அளவு தவறிவிட்டேன் போலும்’ என்று எழுதியிருந்தார். தவறு தம்முடையது என்றே அந்த அம்மா நினைத்திருக்கிறார்! அச்சில் வந்ததால் புத்தகம்தான் சரி என்று நம்பியிருக்கிறார். அன்றைக்கு அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு என் கைக்கு வந்த எந்தச் சமையல் நூலையும் அடுப்பில் ஏற்றிப் பார்க்காமல் நான் திருத்தியதில்லை. இந்தப் பகுதியிலும் நான்கு குறிப்புகளையாவது செய்து பார்க்காமல் ஒரு நூலைப் பரிந்துரைப்பதில்லை. சுருக்கக் குறியீடு போடும் நூல்களைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். சொல்லை முழுதாக எழுத இடமில்லாத பக்கம் எதுவும் இல்லை.

கேள்வி: வெளிநாட்டுச் சமையல் நூல்களின் மொழிபெயர்ப்புகள் இப்போது நிறைய வருகின்றன. எழுதியபடியே செய்தாலும் மாவு சில நேரம் இறுகிவிடுகிறது, சில நேரம் தளர்ந்துவிடுகிறது.
— பலகாரம் செய்வதில் ஆர்வமுள்ளவர்

பதில்: கோப்பையைச் சந்தேகியுங்கள். அமெரிக்கக் கோப்பை சுமார் 237 மில்லி. வேறு பல நாடுகளில் 250 மில்லி. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மில்லி, ஆனால் ஆஸ்திரேலியாவில் 20. மாவைக் கோப்பையால் குத்தி அள்ளுகிறீர்களா, கரண்டியால் மெதுவாகப் போட்டு நிரப்புகிறீர்களா என்பதைப் பொறுத்தே ஒரு கோப்பை 120 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். தலைதட்டி அளக்கும் முறையை அமெரிக்கச் சமையல் ஆசிரியை ஃபேன்னி ஃபார்மர் 1896-இல் வந்த தம் நூலில் வலியுறுத்திப் பரப்பினார். அதுவும் பாதித் தீர்வுதான். கிராமில் அளவு தரும் நூலாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்தவர் முன்னுரையில் எந்த நாட்டுக் கோப்பை என்று சொல்லவில்லை என்றால் அவர் சமைத்துப் பார்க்காமல் மொழிபெயர்த்திருக்கிறார்.

நீங்கள் மலைப்பகுதியில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை குறையும். 2,000 மீட்டரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வேகும் நேரம் கூடத்தான் செய்யும்.

கேள்வி: புதுக் கவிதைத் தொகுப்பு ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஒன்றும் நிற்கவில்லை. குறை என்னிடமா, கவிதையிலா?
— வங்கி ஊழியர்

பதில்: ஒரே மூச்சில் படித்ததில்தான் குறை தம்பி. அறுபது கவிதை என்பது அறுபது வேளை உணவு. ஒரே பந்தியில் உட்கார்ந்து தின்றால் ருசி எப்படித் தெரியும்? ஒரு நாளைக்கு இரண்டு போதும். ஒன்றைக் காலையில் வாய்விட்டு வாசியுங்கள். வரி முடிகிற இடத்தில் ஓர் இமைப்பொழுது நில்லுங்கள். அந்த நிறுத்தத்தில்தான் கவிதையின் பாதி வேலை நடக்கிறது.

சாதாரணமான ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘அவள் கதவைத் திறந்து வைத்தாள், யாரும் வரவில்லை.’ இது ஒரு செய்தி, அவ்வளவுதான். இதையே இப்படி முறித்துப் பாருங்கள்:

அவள் கதவைத் திறந்து வைத்தாள்
யாரும்
வரவில்லை.

‘யாரும்’ என்று தனியே நிற்கும்போது ஒரு கணம் யாரோ வரப்போவதுபோல் இருக்கிறது. அடுத்த வரி அதைப் பறித்துவிடுகிறது. சொற்கள் மாறவில்லை. காத்திருந்தவளின் காத்திருப்பு மட்டும் நமக்குள் வந்துவிட்டது. நல்ல தொகுப்பில் இப்படி முறிந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கும். ஒரு கவிதையை எடுத்து வரிகளை ஒன்றாகச் சேர்த்து உரைநடையாக எழுதிப் பாருங்கள். எதுவும் தொலையவில்லை என்றால் அது கவிதையாக இருந்ததே இல்லை. அப்படிப்பட்ட தொகுப்புகளும் மாதத்துக்கு மூன்று நான்காவது என் மேசைக்கு வருகின்றன. அவற்றைப் பற்றி இங்கே எழுதுவதில்லை.

கேள்வி: மூன்று வரியில் எழுதினால் ஹைக்கூவா?
— கல்லூரி மாணவி

பதில்: இல்லை. ஜப்பானிய மரபில் 5, 7, 5 என்று பதினேழு ஓசைக்கூறுகள், பருவத்தைச் சுட்டும் ஒரு சொல், கவிதையை இரண்டாக வெட்டி நிறுத்தும் ஒரு சொல். ஓசைக் கணக்கு தமிழுக்கு அப்படியே பொருந்தாது, அதை விட்டுவிடலாம். அந்த வெட்டை விடக் கூடாது. ஒரு காட்சி, ஒரு நிறுத்தம், இன்னொரு காட்சி. இரண்டுக்கும் நடுவே உள்ள தொடர்பை நீங்கள் சொல்லிவிட்டால் ஹைக்கூ செத்துப்போகும்.

கேள்வி: எண்பது கவிதைகள் கைவசம் இருக்கின்றன. பதிப்பகங்கள் பதில்கூடப் போடுவதில்லை. சொந்தச் செலவில் வெளியிடுவது கௌரவக் குறைவா?
— இளம் கவிஞர்

பதில்: கௌரவத்துக்கு ஒரு குறையும் இல்லை தம்பி. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மன் 1855-இல் தம் முதல் தொகுப்பைத் தாமே வெளியிட்டார். அதில் இருந்தவை பன்னிரண்டே கவிதைகள். அச்சுக்கோப்பிலும் அவரே கொஞ்சம் கைகொடுத்தார். மேலே சொன்னேனே, ஃபேன்னி ஃபார்மர், அவருடைய சமையல் நூலின் முதல் 3,000 பிரதிகளும் அவருடைய செலவில்தான் அச்சாயின. பதிப்பாளருக்கு அந்த நூல்மேல் நம்பிக்கை இல்லை. பின்னால் அது பத்துலட்சக் கணக்கில் விற்றது.

ஆனால் விட்மனிடம் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பன்னிரண்டு கவிதைகளோடு நிறுத்திக்கொண்டாரே, அதைப் பாருங்கள். பிறகு வாழ்நாள் முழுவதும் அதே நூலைத் திருத்தியும் பெருக்கியும் வந்தார். எண்பதையும் அச்சேற்றாதீர்கள். நண்பர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அவருக்கு எவையெல்லாம் நினைவிருக்கின்றன என்று கேளுங்கள். பட்டியல் இருபதைத் தாண்டாது. அந்த இருபதிலிருந்து தொடங்குங்கள். அச்சகத்தில் பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று கணக்கு. பக்கத்துக்கு ஒரு கவிதை வைத்தால், தலைப்புப் பக்கங்களையும் சேர்த்து இரண்டு பாரத்தில் அழகாக அடங்கிவிடும். பாரத்தை நிரப்ப வேண்டுமே என்று கவிதை சேர்க்காதீர்கள். கடைசியில் நான்கு பக்கம் வெறுமையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்க ஒருவரை அமர்த்துங்கள். உங்கள் கவிதையை உங்கள் கண்ணால் திருத்த முடியாது. எழுதியதை விட்டுவிட்டு எழுத நினைத்ததையே அது வாசிக்கும்.

கேள்வி: 700, 800 பக்க நாவல்களே விருது வாங்குகின்றன. பாதியில் விட்டுவிட்டால் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.
— இல்லத்தரசி

பதில்: விட்டுவிடுங்கள் அம்மா. ஐம்பது பக்கம் பொறுமையாகக் கொடுங்கள், அது போதும். அந்த ஐம்பது பக்கத்தில் நான் பார்ப்பது நாயகனையோ நாயகியையோ அல்ல. ஒரே ஒரு காட்சியில் வந்து போகிற ஆளைத்தான். கடிதம் கொடுக்க வருபவர், வாசலில் செருப்பைத் தேடுபவர், இப்படி யாராவது இருப்பார்கள். அவருக்கு ஒரு குரலும் ஒரு அவசரமும் இருந்தால் ஆசிரியர் எல்லோரையும் கவனிக்கிறார் என்று தெரிந்துவிடும். அந்த நாவல் 800 பக்கம் போனாலும் கூடவே போகலாம். வருகிறவர் எல்லோரும் ஆசிரியரின் கருத்தையே வாய்மாற்றிப் பேசினால், பக்கம் குறைவாக இருந்தாலும் பயனில்லை.

கேள்வி: சிறுகதைத் தொகுப்புக்கு இனி மதிப்பு இல்லை என்கிறார்களே? மொழிபெயர்ப்புக்கும் அப்படித்தானா?
— மொழிபெயர்ப்பில் இறங்க நினைப்பவர்

பதில்: 2025-இல் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றது பானு முஷ்தாக் கன்னடத்தில் எழுதிய சிறுகதைகளின் தொகுப்பு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் சிறுகதைத் தொகுப்பு அது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தீபா பாஸ்திக்கும் பரிசில் சரிபாதி. 2016 முதலே அந்தப் பரிசுத் தொகையை எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இறங்குங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் உங்கள் பெயர் அட்டையில் வருமா என்று கேளுங்கள். உள்பக்கத்தில் பொடி எழுத்தில் போடுகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ‘புதிய வெளியீடு’ என்று வாங்கினேன். என் நண்பரிடம் பத்தாண்டுகளாக இருக்கிற அதே நாவல், அட்டை மட்டும் வேறு.
— வாசகர்

பதில்: தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, மறுபதிப்பு எந்த ஆண்டு என்று அங்கே இருக்க வேண்டும். நேர்மையான பதிப்பகங்கள் போட்டுவிடும். ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள எண் பத்து இலக்கத்தில் மட்டும் இருந்தால் அந்தப் பதிப்பு பெரும்பாலும் 2007-க்கு முந்தையது. அந்த ஆண்டிலிருந்துதான் பதின்மூன்று இலக்கம் வந்தது.

கேள்வி: கண் பார்வை குறைந்துவிட்டது. மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறேன். கதைகள் சுகமாக இருக்கின்றன. கவிதை மட்டும் ஏனோ உடைந்து உடைந்து தெரிகிறது.
— எழுபது வயது வாசகர்

பதில்: உங்கள் கண்ணில் குறை இல்லை ஐயா. எழுத்தைப் பெரிதாக்கும்போது நீண்ட வரி திரையில் இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்கிவிடுகிறது. கவிஞர் முறிக்காத இடத்தில் கருவி முறித்துவிடுகிறது. கருவியைப் பக்கவாட்டில் திருப்பிப் படியுங்கள், ஓரளவு சரியாகும். சில தொகுப்புகள் பக்க அமைப்பு மாறாத கோப்பாகவும் கிடைக்கின்றன. பெரிய திரையில் அவற்றைப் படிக்கலாம். வீட்டில் யாராவது வாசித்துக்காட்ட முடிந்தால் கவிதைக்கு அதைவிட நல்லது இல்லை.

கேள்வி: அம்மா நாற்பது ஆண்டுகளாக எழுதிவைத்த சமையல் நோட்டு இருக்கிறது. எண்ணெய்க் கறை, அடித்தல் திருத்தல், ‘ஒரு கை’, ‘கொஞ்சம் போல’ என்றுதான் இருக்கும். திருத்தி எழுதிப் புத்தகமாக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
— மகள்

பதில்: திருத்துவதிலிருந்து தொடங்காதே அம்மா. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்ஸன் ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதினார். உயிரோடு இருந்தவரை அச்சில் வந்தவை பத்துப் பதினொன்றுதான். 1886-இல் அவர் இறந்தபின், 1890-இல் வந்த முதல் தொகுப்பில் அவர் போட்ட சிறு கோடுகளையும் பெரிய எழுத்துகளையும் நல்லெண்ணத்தோடுதான் பலவாறு ‘சரிசெய்து’ அச்சிட்டார்கள். அவருடைய கையெழுத்தோடு ஒட்டிய முழுப் பதிப்பு 1955 வரை வரவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் உலகம் வேறொருவர் திருத்திய குரலைத்தான் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தது. இருபது ஆண்டு சிவப்பு மையோடு வாழ்ந்தவள் சொல்கிறேன், திருத்துகிற கைக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிவதில்லை.

அம்மாவின் சொற்களை அப்படியே வை. பக்கத்தில் அளவைச் சேர். எப்படி என்றால், அம்மா சமைக்கும்போது ஒரு தராசோடு அருகில் நின்றுகொள். அவர் ‘ஒரு கை’ என்று அள்ளியதும் பாத்திரத்தில் போடவிடாமல் தராசில் கொட்டச் சொல். எரிச்சல்படுவார், பரவாயில்லை. வேறு வேறு நாள்களில் ஐந்து முறை எடை போடு. முதல் நாள் 38 கிராம், அடுத்த நாள் 41 என்று வரும். ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து நீயே வியந்துபோவாய். புத்தகத்தில் ‘ஒரு கை (சுமார் 40 கிராம்)’ என்று இரண்டையும் போடு. ‘கொஞ்சம் போல’ என்பதற்கு ஐந்து முறையும் ஐந்து அளவு வந்தால் அளவு போடாதே. அவர் எதைப் பார்த்து நிறுத்துகிறார் என்று கேள். நிறத்தையா, மணத்தையா, கரண்டியில் ஒட்டுவதையா? அதை எழுது.

அடித்திருக்கும் வரிகளையும் விடாதே. 200-ஐ அடித்து 150 என்று எழுதியிருந்தால் அங்கே ஒரு நாள் ஏதோ தவறியிருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள். அஞ்சலட்டை எழுதிய அந்த அம்மாவுக்கு நான் கொடுக்கத் தவறியது அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு இடத்தில் பத்திரப்படுத்து. அட்டையின் உள்பக்கத்தையும் சேர்த்து எடு. அங்கேதான் யாருக்கு எது பிடிக்கும் என்று எழுதிவைத்திருப்பார்கள்.